உங்கள் பூத்தொட்டிக்குக் கீழே என் ஸ்பிரிங்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன். இங்கே யாரும் சுகமில்லை. என் முதுகு சுகமில்லை, உங்கள் அத்தையின் பல் சுகமில்லை, தெருவில் என் மானமும் மரியாதையும் படுத்த படுக்கையாகக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள் என் காருக்கு மாட்டிவிட்ட சஸ்பென்ஷன்.

இதைப் போனில் சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். போனில் நீங்கள் "மாமா" என்று ஆரம்பித்ததும் எனக்கு நாக்கு குழைந்துவிடுகிறது. போன வாரம் நன்றாகத் திட்ட வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போன் செய்தேன். "மாமா, வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்டீர்கள். "பிரமாதம் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உங்கள் அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "திட்டியாச்சா?" என்று கேட்டாள். பேனாவுக்கு அப்படிக் குழையத் தெரியாது என்பதால் இந்தக் கடிதம்.

நீங்கள் நடத்துவது சாதாரண ஒர்க்‌ஷாப் இல்லை என்று எனக்குத் தெரியும். வேகமாக ஓடுகிற கார்களை இன்னும் வேகமாக ஓட வைக்கிற இடம். என் காரும் பார்ப்பதற்குத்தான் சாது. நாலு கதவு, சாம்பல் நிறம், உள்ளே பெரிய எஞ்சின். ஓய்வுபெற்ற அன்று எனக்கு நானே வாங்கிக் கொடுத்துக்கொண்ட கார் அது. உத்தியோகம் பார்த்த காலம் முழுவதும் லிஃப்ட் ஆய்வாளராக மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியவனுக்கு, ஆக்சிலேட்டரை மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்ட வேண்டும் என்று ஒரு ஆசை இருக்கக் கூடாதா? நான் உங்களிடம் வண்டியைக் கொண்டுவந்தது ஒரே ஒரு குறையோடு. பிரேக் பிடித்தால் மூக்கு குனிகிறது, முன்பக்கத்தில் கிர்க் கிர்க் என்று ஒரு சத்தம் வருகிறது, அவ்வளவுதான். ஒரு பழைய ரப்பரை மாற்றி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு டீயும் கொடுத்து அனுப்பியிருந்தால் நான் பாட்டுக்குப் போயிருப்பேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? காரை மேலே தூக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் மாதிரி எதிரில் உட்கார்ந்துகொண்டு கேட்டீர்கள்: "மாமா, முதல்ல உங்க இலக்கு என்னன்னு சொல்லுங்க. எல்லாம் அதைப் பொறுத்துதான். தினமும் வீட்டுக்கும் கடைக்கும் ஓட்டவா, வளைவுல வேகமாத் திரும்பவா, இல்ல பந்தயத் தடத்துல விடவா? மெத்துன்னு போகணும்னா அதுக்கு ஒரு ஸ்பிரிங். சாயாம திரும்பணும்னா அதுக்கு வேற ஸ்பிரிங். ரெண்டும் முழுசா ஒரே வண்டியில கிடைக்காது. நீங்க எதை விட்டுக்குடுப்பீங்க?"

நான் சொன்னேன்: "உங்க இஷ்டம் மாப்பிள்ளை."

"இல்ல மாமா, ஓட்டப்போறது நீங்க."

"நீங்க பார்த்து எது செஞ்சாலும் சரி மாப்பிள்ளை."

வேறு என்ன சொல்ல முடியும் என்னால்? எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து இது வேண்டும், அது வேண்டாம் என்று சொன்ன மாமனார் இதுவரை பிறக்கவில்லை. மெத்தென்று இருக்கட்டும் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. மரியாதை அதை உள்ளே தள்ளிவிட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன் மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளக் கூடாது. "உங்க இஷ்டம்" என்று ஒருத்தர் சொன்னால் அவருக்கென்று ஒரு இஷ்டம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதுகூடப் புரியாமல் நீங்கள் எப்படி என் மகளோடு குடும்பம் நடத்துகிறீர்கள்?

வண்டி திரும்பி வந்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம். முன்பெல்லாம் டயருக்கும் மேலே உள்ள வளைவுக்கும் நடுவில் என் முழுக்கை போகும். இப்போது விரல் போகவே யோசிக்கிறது. புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், வளைவில் சாயாமல் பிடித்துக்கொள்ள முன்னும் பின்னும் தடித் தடியாக இரண்டு கம்பி, எல்லாம் பளபளவென்று இருக்கின்றன, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டா கார் ஓட்டுகிறேன்? உங்கள் வாசலைத் தாண்டி முதல் வேகத்தடை வந்தது. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வேகத்தடை என்று ஒன்று ரோட்டில் இருப்பதை நான் அதுவரை பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை. காரணமில்லாமல் பிரேக் பிடிப்பது எனக்குப் பிடிக்காது, என் பழைய ஸ்பிரிங் எதையும் தாங்கும், ஒரு குதி குதித்தால் தாண்டிவிடும். பக்கத்தில் உங்கள் அத்தை கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். தியானம் செய்கிறாள் என்று நான் தொந்தரவு செய்ய மாட்டேன். அன்றைக்கும் அதே வேகத்தில்தான் போனேன். தலை கூரையில் இடித்து, கண்ணில் பூச்சி பறந்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன். வண்டியின் அடிவயிறு ரோட்டில் உரசிய சத்தம் கேட்டு ஒரு முடிதிருத்தும் கடையிலிருந்து பாதி ஷேவிங்கோடு ஒருத்தர் வெளியே வந்து பார்த்தார்.

சரி, வயதானவன் உடம்பு, அதுதான் பொறுக்கவில்லை போலிருக்கிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, மறுநாள் முறைப்படி ஒரு சோதனை வைத்தேன். லிஃப்ட் சோதிக்கும்போது நாங்கள் விளிம்பு வரை நீர் நிறைத்த டம்ளரைத் தரையில் வைத்து மேல்மாடி வரை போய் வருவோம். ஒரு சொட்டு சிந்தினால் கையெழுத்துப் போட மாட்டேன். பெரிய பெரிய கட்டட முதலாளிகளெல்லாம் கெஞ்சியிருக்கிறார்கள், நான் மசிந்ததில்லை. அந்த டம்ளரை உங்கள் அத்தை மடியில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். தெருமுனை வருவதற்குள் டம்ளரில் தண்ணீர் இல்லை. பாதி அவள் புடவையில், மீதி என் கால்சட்டையில். மருந்துக்கடையில் இறங்கியபோது கடைக்காரர் என் கால்சட்டையைப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "இதுக்கு நல்ல மாத்திரை வந்திருக்கு சார், கூச்சப்படாதீங்க" என்று மெதுவாகச் சொன்னார். என் மாப்பிள்ளை போட்ட ஸ்பிரிங்னால இப்படி ஆச்சுன்னு சொன்னா நம்புவாரா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பல் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. உங்கள் அத்தை பல் டாக்டரிடம் போய்ப் பல்லுக்கு மேலே புதிதாக ஒரு உறை போட்டுக்கொண்டு வந்தாள். பத்திரம், ரெண்டு நாள் கடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடிக்கக் கூடாது என்று சொன்னாரே தவிர, கார்ல போகக் கூடாதுன்னு சொல்லலையே! சந்தைக்குப் பின்னால் உள்ள வளைவில் ஒரு குழி. குழி என்றுகூடச் சொல்லக் கூடாது, ரோட்டுக்கு ஒரு கன்னக்குழி. டம் என்று ஒரு சத்தம், டக் என்று இன்னொரு சத்தம். முதல் சத்தம் உங்கள் ஷாக் அப்சார்பர். இரண்டாவது சத்தம் அந்த உறை டேஷ்போர்டில் போய் விழுந்தது. உங்கள் அத்தை உறையை எடுத்தாள், கைக்குட்டையில் முடிந்தாள், சிக்னலில் கதவைத் திறந்து இறங்கினாள். "என்னங்க, நீங்க போங்க. நான் வந்துக்கறேன்" என்றாள். பின்னால் எதிர்வீட்டுக்காரர் கார் வந்து நின்றது. அந்த மனுஷன் அந்த நேரத்தில் எங்கிருந்துதான் முளைத்தாரோ! அவள் பாட்டுக்கு அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

எதிர்வீட்டுக்காரரை உங்களுக்கே தெரியும். உங்கள் கல்யாணத்தில் கைகழுவும் இடத்தில் வரிசையை மறித்துக்கொண்டு நின்றாரே, அவர்தான். நான் அவருக்கு வைத்த பெயர் ஆமை. சைக்கிளே அவரை ஓவர்டேக் பண்ணும். ஆனால் அவருடைய கார், வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன், மெத்தை. மேட்டில் ஏறினால் ஒரு தாலாட்டு, இறங்கினால் இன்னொரு தாலாட்டு. இப்போது தினமும் சாயங்காலம் உங்கள் அத்தை அந்தத் தாலாட்டில்தான் ஏரிக்கரைக்குப் போகிறாள். முன்சீட்டில் ஆமை, பின்சீட்டில் ஆமையின் மனைவியும் இவளும். நான் தனியாக என் காரில் முன்னால் போகிறேன், கண்ணாடியில் பார்த்தால் பின்னாலேயே வருகிறார்கள். என்னை வெறுப்பேற்றுவதற்கென்றே வருகிறார்கள். எத்தனையோ வருஷமாக என் பின்னால் வர முடியாமல் திண்டாடிய மனுஷன், இப்போது ஹார்ன் அடிக்கிறார் மாப்பிள்ளை, எனக்கு! வழி விடச் சொல்லி!

நடுவில் ஒரு போக்குவரத்து போலீஸ்காரர் வேறு. கையைக் காட்டி ஓரம் கட்டச் சொல்லி, லத்தியை வண்டிக்கு அடியில் விட்டுப் பார்த்தார். லத்தி போகவில்லை. "என்ன சார், இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா?" என்றார். "நான் கேக்கலைங்க. மாப்பிள்ளை செஞ்சு குடுத்தது" என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. "அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். எனக்கும் ஒருத்தர் வாய்ச்சிருக்கார்" என்று சொல்லி லத்தியை உருவிக்கொண்டு, "மெதுவாப் போங்க" என்றார். வேற எப்படிப் போறதாம்? இந்த வண்டியில மெதுவாப் போகாதவன் உயிரோட வீடு போய்ச் சேருவானா?

ஷாக் அப்சார்பர் தலையில் ஒரு திருகு இருக்கிறது, அதைத் திருப்பினால் கொஞ்சம் மென்மையாகும், ஆனால் மாமா நீங்கள் தொடாதீர்கள், நானே வந்து செய்கிறேன் என்று சொன்னீர்கள். நீங்கள் வருவதாகக் காணோம். ஊரில் உள்ள லிஃப்ட் அறைக் கதவிலெல்லாம் "அனுமதி இல்லாதவர் தொடக் கூடாது" என்று பலகை மாட்ட வைத்தவன் நான். அந்த நான் முன்மூடியைத் திறந்து, இடது பக்கத் திருகை இந்தப் பக்கம் திருகினேன். வலது பக்கம் எதிர்ப்பக்கம் ஆயிற்றே, எதிராகத்தான் திருக வேண்டும் என்று அந்தப் பக்கம் திருகினேன். இப்போது வண்டி ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் பூட்ஸும் போட்டவன் மாதிரி நடக்கிறது. சரிசெய்யலாம் என்று மறுபடி திருகினேன். எவ்வளவு திருகினேன் என்பது மறந்துபோனது. கடைசியில் இரண்டையும் இறுக்கமாக முறுக்கி விட்டுவிட்டேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரியாவது வலிக்கட்டுமே என்று.

என் பழைய ஸ்பிரிங்கையே திருப்பி மாட்டிவிடச் சொல்லலாம் என்று முடிவெடுத்தேன். அன்றைக்குத்தான் என் மகள் உங்கள் பால்கனியைப் போட்டோ எடுத்து அனுப்பினாள், புதுச் செடி பூத்திருக்கிறதாம். நான் செடியைப் பார்க்கவில்லை. தொட்டிக்குக் கீழே பார்த்தேன். என் ஸ்பிரிங்! என்னை எத்தனை குழியிலிருந்து காப்பாற்றிய ஸ்பிரிங்! பச்சை பெயிண்ட் அடித்து, அதன் தலையில் பூத்தொட்டி வைத்திருக்கிறீர்கள்! மற்ற மூன்றும் எங்கே? குளியலறையில் துண்டு போட வைத்திருக்கிறீர்களா? வரவேற்பறையில் விருந்தாளிகள் உட்காரவா? அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "ரொம்ப அழகா இருக்கும்மா" என்று பதில் போட்டேன். அப்பறம் போய் மொட்டை மாடியில நின்னு கத்தினேன்.

மாப்பிள்ளை, கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனாலும் கேளுங்கள். எனக்கும் உங்கள் அத்தைக்கும் வீட்டில் பேச்சே கிடையாது. சண்டை ஒன்றுமில்லை, வீட்டில் அவளுக்கு வேலை, எனக்கு டிவி. நாங்கள் பேசுவதெல்லாம் சாயங்காலம் ஏரிக்கரை போகும்போதும் வரும்போதும்தான். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டுப் பெண் யாரோடு பேசவில்லை, தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் எப்போது வருவான், எல்லாம் அந்த முன்சீட்டில்தான் முடிவாகும். திட்டுவதும் அங்கேதான், சிரிப்பதும் அங்கேதான். இப்போது அந்தச் சீட்டில் என் குடை உட்கார்ந்து வருகிறது. நேற்று குடைக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டேன், அது இல்லாமல் வண்டி கீங் கீங் என்று கத்துகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வேகமாக ஓடுகிற கார் எனக்கு எதற்கு? யாரை ஏற்றிக்கொண்டு போவதற்கு?

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை பூத்தொட்டியை இறக்கி வைத்துவிட்டு, என் ஸ்பிரிங்கைக் கழுவித் துடைத்து, பச்சை பெயிண்டோடு வேண்டுமானாலும் பரவாயில்லை, நேரில் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகவும். பளபளப்பெல்லாம் உங்கள் வாடிக்கையாளர் யாருக்காவது மாட்டிவிடுங்கள், சின்ன வயசுக்காரர்கள், முதுகு இருக்கிறது, தாங்குவார்கள். இதில் உங்க இஷ்டம் எதுவும் கிடையாது. மாமனார் என்ற மரியாதை உங்களுக்கு இருந்தால் செய்வீர்கள். இல்லை என்றாலும் செய்யத்தான் வேண்டும்.

என் மகளுக்கும் உங்களுக்கும் எல்லா நலமும் வளமும் உண்டாகட்டும். உங்கள் ஒர்க்‌ஷாப் மேலும் மேலும் பெருகட்டும், என் வண்டி மட்டும் அதற்குள் இனி வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
முதுகு வலியுடன்,
உங்கள் மாமா

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, தபால்தலை ஒட்ட நாக்கை நீட்டிய நேரத்தில் உங்கள் அத்தை பின்னால் நின்று முழுக்கப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, டாக்டரிடம் மறுபடி ஒட்டிக்கொண்டு வந்த பல் தெரியச் சிரிக்கிறாள். "மாப்பிள்ளையை ஏங்க திட்றீங்க? நான்தான் சொன்னேன்" என்கிறாள்.

"என்ன சொன்னே?"

"அவர் எனக்குப் போன் பண்ணார். 'அத்தை, மாமா இலக்கு என்னன்னு சொல்ல மாட்டேங்கறார், எல்லாம் என் இஷ்டம்கறார், நீங்களாவது சொல்லுங்க'ன்னு. என் இலக்கை நான் சொன்னேன். இவர் மேடுன்னு பார்க்க மாட்டார், குழின்னு பார்க்க மாட்டார், வளைவுல வண்டி ஒருபக்கமா சாயும்போது எனக்கு உயிர் போய் உயிர் வருது. ஒவ்வொரு மேடும் இவருக்கு நல்லா வலிக்கணும், வலிச்சா மெதுவாப் போவார். அப்படி ஒண்ணு இருந்தா மாட்டுங்கன்னு சொன்னேன்."

"அப்ப ஆமை?"

"அவர்கிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன், கொஞ்ச நாள் பின்னாடியே வாங்க, இவர் பிரேக் பிடிக்கறாரான்னு பார்க்கலாம்னு. நேத்து எல்லா மேட்டுலயும் பிடிச்சீங்க. கன்னக்குழிக்குக்கூடப் பிடிச்சீங்க. அவரே ஹார்ன் அடிச்சுக் கைகாட்டினாரே, நீங்கதான் முறைச்சீங்க."

அது வழி கேட்ட ஹார்ன் இல்லையாம், பாராட்டாம். எல்லாரும் சேர்ந்து எனக்குச் சோதனை வைத்திருக்கிறீர்கள். நான் மேலே எழுதியதை அடித்துவிட மாட்டேன், எழுதியது எழுதியதுதான். உங்களுக்கும் கொஞ்சம் வலிக்கட்டும்.

இன்னொரு பின்குறிப்பு, மறுநாள்: குடையை வீட்டிலேயே வைத்துவிட்டோம். உங்கள் அத்தை முன்சீட்டில் வந்தாள். போகும் வழியெல்லாம் மேட்டுக்கு மேடு நான் மெதுவாகத்தான் போனேன், தண்ணீர்த் தொட்டி கழுவுகிற ஆளைப் பற்றிப் பேசி முடித்தோம். ஏரியைச் சுற்றி வருகிற நீண்ட வளைவில் வண்டி துளிகூடச் சாயவில்லை. அவள் கை தன்னால் கைப்பிடிக்குப் போனது, அங்கேயே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மடிக்கு இறங்கி வந்தது. கண்ணையும் திறந்துதான் வைத்திருந்தாள். ஆமையின் கார் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. உங்கள் அத்தை அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னங்க, ரோடுதான் காலியா இருக்கே. கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்றாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஸ்பிரிங் வேண்டாம், செடி இருக்கட்டும். நான் முறுக்கி வைத்த திருகை மட்டும் பார்த்துக் கொடுங்கள். இலக்கு என்ன என்று இந்தத் தடவை கேட்டால் வாயைத் திறந்து சொல்கிறேன்: என் பக்கத்துச் சீட்டில் உங்கள் அத்தை இருக்க வேண்டும். மற்றதெல்லாம் உங்க இஷ்டம் மாப்பிள்ளை.